கயிற்றின் அந்த முனை

எட்டாம் வகுப்பில் நான் அமுலு என்ற பெண்ணின் உதட்டைத் தண்ணீர் பாட்டிலால் கிழித்தேன். அவளும் சும்மா இருக்கவில்லை. என் பின்னலில் ஒரு கொத்து அவள் கையோடு போயிற்று. இடம், சாந்தோமில் எங்கள் பெண்கள் பள்ளியின் குழாயடி. காரணம், யார் முதலில் தண்ணீர் பிடிப்பது. எனக்குப் பின்னால் மயிலாப்பூரிலிருந்து நடந்து வரும் கோஷ்டி. அமுலுவுக்குப் பின்னால் செம்மஞ்சேரியிலிருந்து பஸ்ஸில் வரும் கோஷ்டி. ஆற்றோரத்து வீடுகளை அரசாங்கம் காலி செய்து ஊருக்கு வெளியே அவ்வளவு தூரம் அனுப்பிய பிறகும் பள்ளியை மாற்றாதவர்கள் அவர்கள்.

டி.சி.தான் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். ஹெச்.எம். மிஸ் கொடுத்ததோ ஒரு தாம்புக்கயிறு. ஒரு மாதம், மாலையில் மணி அடித்ததும், சின்ன வகுப்புக் குழந்தைகள் எல்லோரும் சாலையைக் கடந்து முடியும்வரை நாங்கள் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க வேண்டும். வாட்ச்மேன் விசில் ஊதினால் இடுப்பளவு தூக்கி வண்டிகளை நிறுத்துவது. மறுபடி ஊதினால் தரையில் விடுவது. ஒருத்தி ஒருநாள் வராவிட்டாலும் இருவருக்கும் டி.சி.

இதற்குச் சேவைக் கல்வி என்று பெயர். அன்றன்று கற்றதை எழுத ஒரு நோட்டும் உண்டு. 'இன்று பொறுமையின் மேன்மையை உணர்ந்தேன்' என்று நான் கூசாமல் எழுதினேன். அமுலு, '5.10க்கு முடிஞ்சிது' என்று எழுதினாள். மறுநாள், '5.05'. மிஸ் எனக்கு 'நன்று' போட்டு, அவளுக்குச் சிவப்பு மையில் 'விரிவாக எழுதவும்' என்றார்.

நான் கேட் பக்கம், அவள் எதிர்ப்பக்கம். கயிறு பிடித்த கொஞ்ச நேரத்தில் தினமும் அவள் முறைக்க ஆரம்பிப்பாள். கண்ணைச் சிமிட்டாமல், என் தோளுக்கு நேராக. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "என்ன முறைக்கறே?" என்று கத்தினேன்.

"உன்ன யாரு பாத்தா? வேல இல்ல எனக்கு?" என்றாள்.

வீட்டில் சித்தப்பாவிடம் அழுதேன். அவர் பேப்பரை மடிக்காமலே, "கயிறு உன் கைலதானேடி இருக்கு? ஒரு சுண்டு சுண்டினாப் போறது" என்றார். சித்தப்பா தமாஷுக்குச் சொல்வதையெல்லாம் நான்தான் அந்த வீட்டில் நிஜமாக எடுத்துக்கொள்பவள்.

பத்தாவது நாள் சுண்டினேன். முறைப்பு உச்சத்தில் இருக்கும்போது, பலம் கொண்ட மட்டும். அமுலு முட்டி தரையில் பட விழுந்தாள். கயிறு தொய்ந்ததைப் பார்த்து, விட்டுவிட்டார்கள் என்று ஒரு ஆட்டோக்காரர் வண்டியை முடுக்கினார். அந்த நேரத்தில் ஒரு எல்.கே.ஜி. குழந்தை, கழுத்தில் தண்ணீர் பாட்டில் ஆட, பாதிச் சாலையில் வந்துகொண்டிருந்தது. நான் என் முனையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். அமுலு முட்டி போட்டபடியே கயிற்றை இரண்டு கையாலும் இழுத்து உயர்த்திப் பிடித்தாள். ஆட்டோ கயிற்றில் மோதி, அவள் உள்ளங்கையில் தோலை உரித்துக்கொண்டு நின்றது. குழந்தை ஒன்றும் தெரியாமல் கடந்து போயிற்று.

ஹெச்.எம். மிஸ் ஓடி வந்து எப்படி விழுந்தாய் என்று கேட்டார். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"கால் ஸ்லிப் ஆயிடுச்சி மிஸ்" என்றாள் அமுலு.

மறுநாள் அவள் கையில் துணி சுற்றியிருந்தது. மன்னிப்புக் கேட்கப் பக்கத்தில் போய் நின்றேன். "வுடு. கொயந்தைக்கு ஒண்ணும் ஆவலல்ல?" என்றாள். அதோடு முடிந்தது சண்டை. குழாயடியில் எங்களை மறுபடி மோதவிட்டுப் பார்க்கக் காத்திருந்த இரண்டு கோஷ்டியும் சலித்துப்போய் வரிசையில் நின்றன. முறைப்பு மட்டும் நிற்கவில்லை. தினமும் முதலில் முறைப்பாள், பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன்.

மாதம் முடிந்தது. மறுநாள் அவளுக்காக ஒரு பாக்கெட் தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டு கேட்டில் நின்றேன். மணி அடித்ததும் அமுலு, பை முதுகில் குதிக்க, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. கயிறு போனதும் என்னையும் விட்டுவிட்டாள் என்று நினைத்து, மிட்டாய் முழுவதையும் நானே அழுதுகொண்டே தின்றேன். நானாக அவளிடம் போய்ப் பேசவில்லை.

இப்போது என் பெண் அதே பள்ளியில் எல்.கே.ஜி. போன வாரம் அவளை அழைத்துவரப் போனபோது, முதல் தடவையாக எதிர்ப்பக்கத்தில், அமுலு நின்ற இடத்தில் நின்றேன். நாலே முக்காலுக்கு, நான் அன்று நின்ற இடத்துக்குச் சற்றுப் பின்னால், என் தோள் இருந்த இடத்துக்கு நேராக, செம்மஞ்சேரி பஸ் ஒன்று வந்து நின்றது. நாலைந்து பெண்கள், பை முதுகில் குதிக்க, ஓடிப்போய் ஏறினார்கள். பஸ் கிளம்பிப் போயிற்று. அடுத்தது எப்போது என்று பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கேட்டேன். "அது வரும், ஒரு மணி நேரம் ஆவும்" என்றார்.

அந்த நோட்டில் உண்மையை எழுதியவள் அவள் ஒருத்திதான். எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருகிறாய் என்று அந்த மாதம் முழுவதும் நான் ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லை.