முயல் மிஸ்

என் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் முயல் மிஸ் என்று பெயர். பதினோரு வருடமாக ஈஸ்டருக்கு முந்தைய வாரம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் தாள்களை அவள்தான் வரைகிறாள். அலங்கார முட்டை, கூடை, குஞ்சு, காது நீண்ட முயல். அசல் படத்தை அவள் வரைந்து கொடுத்தால், ஆபீஸ் அண்ணன் நாற்பத்தைந்து நகல் எடுத்துவிடுவார்.

கோடு தடிமனாக இருக்க வேண்டும், மெல்லிய கோட்டை மிஷின் விழுங்கிவிடும். எல்லாக் கோடும் எங்காவது போய் மூடிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் நான் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "ஒரு இடத்துல திறந்து விட்டேன்னு வை, ஒருத்தி எழுந்து நிப்பா. மிஸ், பச்சை வெளிய ஓடுது மிஸ்னு ஒரே அழுகை" என்றாள் அக்கா.

ஆறு வருடம் நான் வெளியே இருந்தேன். அந்த ஆறு வருடமும் அவள் இதே வீட்டில் இருந்தாள். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அம்மாவைத் தனியாக விட முடியாது. பள்ளி நேரத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டு அத்தை வந்து உட்காருவார். மூன்றரைக்கு மணி அடித்தால் மூன்றே முக்காலுக்கு அக்கா வாசலில் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் அத்தையின் செருப்புச் சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்டவள் இந்த வருடம் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். வேறு ஊரில், குழந்தைகள் புத்தகம் போடும் பதிப்பகத்தில் ஓவியர் வேலை. அடைகாக்கப் பிடிக்காமல் கூட்டை விட்டு இறங்கிப் போகும் ஒரு கோழியின் கதையை அனுப்பி, அதற்கு மூன்று வண்ணப் படங்கள் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது.

"அம்மாவ?" என்று கேட்டேன்.

"நீதான் வந்துட்டியே" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

புதன்கிழமைக்குள் மூன்று படத்துக்கும் கோடு போட்டு முடித்துவிட்டாள். கோழி கூட்டின் விளிம்பில் நிற்பது, வேலியைத் தாண்டுவது, பாதையில் திரும்பிப் பார்ப்பது. வீட்டில் உட்கார்ந்தால் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருப்பார் என்று, சாப்பாட்டு நேரத்தில் வண்ணம் போடுவதற்காக வியாழக்கிழமை அவற்றைப் பள்ளிக்கு எடுத்துப் போனாள். ஈஸ்டர் தாள்களோடு ஒரே கோப்பில் வைத்தாள்.

ஆபீஸ் அண்ணன் அந்தக் கோப்பை எடுத்துப் போய் எல்லாவற்றையும் நாற்பத்தைந்து நகல் எடுத்துவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. கோழி இருந்தது, முட்டை இருந்தது, மிஸ் வரைந்த கோடும் இருந்தது. அக்கா வகுப்புக்குள் நுழைந்தபோது நாற்பத்தைந்து கோழிகள் ஊதாவும் நீலமுமாக வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தன. ஒருத்தி கோழிக்கு மீசை வைத்திருந்தாளாம்.

தலைமையாசிரியைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இத்தனை வருஷம் இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க மிஸ்? இனிமே வருஷா வருஷம் இதத்தான் போடறோம்" என்று மூன்று அசலையும் தன் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மறுநாளிலிருந்து நான்கு நாள் விடுமுறை.

அன்று மாலை அக்காவிடம் செலோடேப் வாங்கப் பள்ளிக்குப் போயிருந்த நான் வாசலில் நின்று பார்த்தேன். தலைமையாசிரியை காரில் ஏறிக்கொண்டிருந்தார். அக்கா ஓடிப் போய்க் கண்ணாடியருகே குனிந்தாள்.

"மேடம், அந்தக் கோழிப் படம்..."

"சொல்லுங்க மிஸ்."

எனக்கு வேண்டும், நான் வேறு வேலைக்குப் போகப் பார்க்கிறேன் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது வேறு.

"அதுல ஒரு சின்னத் திருத்தம் இருக்கு மேடம்."

"ஐயோ, கைய வச்சுடாதீங்க! இப்பவே கண்ணுக்குள்ள நிக்குது." கார் கிளம்பிவிட்டது.

வீடு வரும்வரை அவளைத் திட்டித் தீர்த்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மூன்றையும் திரும்ப வரைந்தாள். நடுவே அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தாள், துணி மாற்றினாள், மூன்று முறை கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள். நான் செய்கிறேன் என்றால், "உனக்குப் புடிக்கத் தெரியாதுடி, விழுந்துடுவாங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை வண்ணப் பெட்டியைத் திறந்தாள். தூரிகையை நனைத்தாள். காய்ந்தது. மறுபடி நனைத்தாள்.

"இந்தக் கோழிக்கு என்ன கலர்டி?"

"அத நீதான சொல்லணும்?"

"நான் எப்பவும் உங்களுக்குப் புடிச்சதப் போடுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவேன்." சிரித்தாள். "பதினோரு வருஷத்துல ஒரு தாளக்கூட நான் தீட்டினதில்ல."

பிறகு கோழிக்குப் பழுப்பு, வைக்கோலுக்கு மஞ்சள், புல்லுக்குப் பச்சை என்று போட்டாள். கோட்டை விட்டு இம்மி வெளியே போகவில்லை. பார்க்கச் சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். அது அவளுக்கும் தெரிந்தது. நாலே முக்காலுக்கு நான் படமெடுத்து அனுப்பினேன். அவள் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. கோடுகள் மிகச் சிறப்பாக இருக்கின்றன, ஆனால் ஓவியர் பணிக்கு வண்ணத்தில் தேர்ந்த வேறொருவரை எடுத்துவிட்டோம். சிறுவர் வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்குக் கோட்டோவியம் வரைந்து தர இயலுமா? இங்கே வர வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே செய்யலாம்.

அம்மா படுக்கையிலிருந்தே கையைக் கூப்பினார். "பாத்தியா, வீட்ட விட்டு அசையாமயே வேலை தேடி வருது! யாருக்குக் கெடைக்கும்?"

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். என் போனை வாங்கி, நின்றபடியே பதில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று பிறகு பார்த்தேன். 'வீட்டிலிருந்து செய்ய இயலாது. அங்கே வந்து செய்யும் வேலை எதுவானாலும் தெரிவிக்கவும்.'

"எதுவானாலும்னு போட்டிருக்க?"

"ஆமா. பெருக்கச் சொன்னாலும் பெருக்குறேன்."

பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. அவர்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அத்தை இப்போது வருவதில்லை, நான் இருக்கிறேனே என்று நின்றுவிட்டார். காலை எட்டு மணிக்கு அக்கா கிளம்பிப் போனதும் கதவைச் சாத்துகிறேன். மூன்றே முக்கால் வரை அம்மா கூப்பிடும் போதெல்லாம் போகிறேன். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.