இர்மெலியிடம் இரண்டாம் முறை கேட்டால்

"முதுநிலை ஆய்வாளர் இர்மெலி கஸ்கினென்: எந்த வினாவுக்கும் விரைந்து பதிலளிப்பவர், குழுவின் கலகலப்பான உரையாடலுக்கு உந்துசக்தி." பின்லாந்தின் துர்க்கு நகரத்து ஆய்வுக்கூடத்தின் இணையப் பக்கம் இப்படிச் சொல்கிறது. எழுதியவர் அவரைப் பார்த்ததில்லை என்று நம்புவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

காலையில் வந்ததும் ஈரக் கோட்டை வெப்பக் குழாயின்மேல் போடுவார். நின்றபடியே கறுப்புக் காப்பி. ஏலக்காய் பன்னை அடியிலிருந்து தின்னத் தொடங்கி, சர்க்கரை தூவிய மேல்பக்கத்தைக் கடைசிக்குப் பத்திரப்படுத்துவார்; கடைசியில், இனிப்பு ஆகாது என்று அதை அப்படியே வைத்துவிடுவார்.

"எப்படி இருக்கீங்க?" என்று யாராவது சும்மா கேட்டாலும் உண்மையாகவே யோசிப்பார். "இடது முட்டி வலிக்குது. மத்தபடி பரவாயில்ல." அதே ஆள் மாலையில் மறுபடி கேட்டால் பதில் கிடையாது. கோபமில்லை; சொல்லியாயிற்று, அவ்வளவுதான். தலை நரைத்த பிறகு எல்லோரும் அவரிடம் எதையும் இரண்டு முறை, அதுவும் உரக்கக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அதனால் அவர் பேச்சு இன்னும் குறைந்தது. சிற்றுண்டிச் சாலையை நடத்தும் செய்யா என்கிற அம்மாள்தான் புதிதாக வருகிறவர்களை எச்சரிப்பாள்: "காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது தரம் கேட்டுப் பாரு, செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கும்."

இவருடைய தொழிலே பதில்களைத் தேடுவதுதான். நரம்பின் நுனி தசையைத் தொடும் இடத்தில், அந்த நுனியின்மேல் போர்வைபோலச் சில செல்கள் கவிந்திருக்கும். கிளியா செல்கள் என்று பெயர். நரம்புக்கு முட்டுக்கொடுத்துச் சும்மா இருப்பவை என்று பழைய பாடப்புத்தகங்கள் அவற்றை ஒரு வரியில் முடித்துவிட்டன. அவை சும்மா இல்லை. எலியின் சிறு தசையொன்றை நரம்போடு எடுத்து, உப்புநீர்க் கிண்ணத்தில் வைத்து, சாயமேற்றி, நரம்பில் மின்துடிப்பு கொடுத்தால், அந்தச் செல்களுக்குள் கால்சியம் ஏறும். நுண்ணோக்கியில் பளிச்சென்று ஒளிரும். நரம்புக்கு அவை தரும் பதில் அது.

முனைவர் பட்ட மாணவன் காப்போ வயதான எலிகளில் அந்த ஒளியைக் காணவில்லை. நரம்பு துடிக்கிறது, செல்கள் இருண்டு கிடக்கின்றன. முதுமையில் பதில் நின்றுபோகிறது என்ற அவன் கட்டுரையைப் பெரிய ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. பேராசிரியர் ஓலவி பாதாம் கேக் வாங்கி வந்தார். வசந்தத்தில் பட்டத்துக்கான பொது வாதம். அன்று அணியும் வால்கோட்டுக்குக்கூடக் காப்போ அளவு கொடுத்துவிட்டான்.

"வயசானா யாருதான் பதில் சொல்றாங்க?" என்று கேக் தட்டோடு அவன் சொன்னபோது அறையே சிரித்தது. கண்கள் இர்மெலி பக்கம் போயின.

"எப்படிப் பாத்த?" என்றார் இர்மெலி.

"எப்பவும் போலத்தான்."

"காட்டு."

மறுநாள் அவன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். தசை துள்ளினால் படம் கலங்கும். அதனால் மருந்து போட்டு அடக்கியிருந்தான். நரம்பு உயிரோடு இருக்கிறதா என்பதைத் திரையில் எழும் சின்ன அலைதான் சொல்ல வேண்டும். இளம் எலியின் தசைக்குச் சோதனையாக ஒரே ஒரு துடிப்பு கொடுத்தான், அலை எழுந்தது. அடுத்த துடிப்பில் படமெடுத்தான், செல்கள் ஒளிர்ந்தன. அடுத்தது கிழ எலி. அலை எழுந்தது. "எதுக்கும் இன்னொரு தரம்" என்று துடிப்புகளைத் தொடராக விட்டான். மறுபடியும் ஒரு தொடர்.

"என்னப்பா பண்ற?"

"கெழட்டு நரம்பு, நம்ப முடியாது. செத்துகித்துப் போயிருந்தா?"

பிறகு நரம்பைத் தூண்டிப் படமெடுத்தான். இருட்டு.

"எல்லாக் கெழ எலிக்கும் இப்படித்தானா?"

"ஆமா. ஏன்?"

இர்மெலி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன், இர்மெலி?" என்று மறுபடி கேட்டுவிட்டு, காப்போ நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவர் குனிந்து, துடிப்புப் பெட்டியின் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒயரின் நுனியைத் தன் கம்பளிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். "கொஞ்சம் விடு அத" என்றார். இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். காப்பி ஆறியது. சன்னலுக்கு வெளியே ஆற்றின்மேல் பனிமழை சாய்ந்து விழுந்தது. பிறகு அவரே செருகியை மாட்டினார். சோதனை ஏதுமின்றி, ஒரே முறை நரம்பைத் தூண்டினார்.

கிழ எலியின் செல்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன.

அவற்றிடம் பதில் இருந்தது. படமெடுக்கும் முன்பே அதைக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்திருந்தன. "அப்போ என் கட்டுரை…" என்றான் காப்போ. "போச்சு" என்றார் இர்மெலி. அந்த வாரம் முழுவதும் வேறு கிழத் தசைகளை ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒளிர்ந்தன.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதற்காகக் கூட்டிய கூட்டத்தில் கேக் இல்லை. ஆய்வு நெறிக் குழுவிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். ஒளிர்ந்த படங்களை மறைத்து, இருண்டவற்றை மட்டும் காப்போ பொறுக்கி எடுத்தானா என்பதே கேள்வி. ஆம் என்றால் பட்டமில்லை. எந்த ஆய்வுக்கூடமும் இனி அவனைச் சேர்க்காது. அவன் மேசை விளிம்பைப் பிடித்தபடி இர்மெலியைப் பார்த்தான்.

"பொறுக்கி எடுத்தானா?" என்றார் ஓலவி.

"இல்ல. எடுத்த படம் அத்தனையும் பாத்துட்டேன். கெழ எலிங்கள நம்பாம அதிகமா தட்டிட்டான். தப்பு அதுதான். நாங்க யாரும் போய்ப் பாக்கல."

"நிச்சயமா இல்லையா?" என்றார் ஓலவி மறுபடி.

காப்போ கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்ல" என்றார் இர்மெலி.

அந்த அம்மையார் சற்று முன்னால் சாய்ந்து, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல உரக்க, அதே கேள்வியைக் கேட்டார். பிறகு வேறு சொற்களில் இன்னொரு முறையும் கேட்டார்.

கேட்ட ஒவ்வொரு முறையும் இர்மெலி பதில் சொன்னார்.