மூடிய செம்போடு ஒரு நாள்: உப்பூர், முகத்துவாரம், இராமேஸ்வரம்

உப்பூர், தேவிபட்டினம், இராமேஸ்வரம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா என்று இந்தப் பக்கத்தில் சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். கார்த்திகையில், மழை விட்டுப் பத்து நாள் கழித்து நான் போய் வந்தேன். ஆனால் கோயிலுக்காக மட்டும் போகவில்லை. அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும்.

ஆறு வருடத்துக்கு முன்பு இதே கார்த்திகையில், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் தரைப்பாலத்தைத் தாண்டும்போது என் தம்பி பாண்டி வெள்ளத்தில் போய்விட்டான். பைக் கிடைத்தது. ஒரு செருப்பு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் நான்கு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் அவன் மனைவி செல்வி பாலத்தடியில் இறங்கி, ஒரு செப்புச் செம்பில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு வந்தாள். காசிச் செம்பை அடைப்பதுபோல் ஈயம் வைத்து அடைத்து, சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். இன்றுவரை தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. நாங்களும் பாண்டிக்குத் திதி கொடுக்கவில்லை. கொடுத்தால் அவன் இல்லை என்று நாங்களே சொன்னதாகிவிடும். அவள் நெற்றிப் பொட்டை அழிக்க எங்களில் யாருக்குக் கை வரும்?

இராமநாதபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவள் நஸ்ரின். தகப்பனார் சவுதியில் இருக்கிறார். ஆறுகளில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று ஆராய்வது அவள் படிப்பு. அதற்காக எதையும் பிடிக்க வேண்டாம், கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம் என்கிறாள். தண்ணீரில் இறங்கிய எந்த உயிரும் தோலிலிருந்தோ எச்சிலிலிருந்தோ சாணத்திலிருந்தோ தன் மரபணுத் துகளை விட்டுவிட்டுத்தான் போகுமாம். தண்ணீரை வடிகட்டி, அந்த வடிதாளை ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் யார் வந்து போனார்கள் என்று தெரிந்துவிடுமாம். அவள் தேடுவது நீர்நாயை. உப்பூர்ப் பக்கம் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் வலை போடுகிறவர்கள் அதை முன்பு பார்த்ததாகச் சொல்கிறார்கள். இரண்டு பருவம் தண்ணீர் எடுத்துப் பார்த்துவிட்டாள், கிடைக்கவில்லை. இது மூன்றாவது, கடைசி. துணைக்கு நான் போனால்தான் அனுப்புவேன் என்று அவள் அம்மா சொல்லிவிட்டார்.

இதை ஒருநாள் செல்வியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் உடனே எழுந்து போய்ச் செம்பை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

“அந்தப் புள்ளகிட்ட கேட்டுட்டு வாங்க மதினி. அவுக அந்தத் தண்ணியில இருந்தாகளா இல்லையான்னு மட்டும் கேளுங்க.”

தண்ணீரில் அவன் இல்லையென்றால், எங்கோ கரையேறிப் போயிருக்கிறான் என்று அர்த்தம். இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

காலை 5.40 பேருந்தில் ஏறினோம். உப்பூர் ஏறக்குறைய முப்பத்து மூன்று கிலோமீட்டர், ஆளுக்கு 32 ரூபாய். 6.35க்கு இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டேன். இராமேஸ்வரம் போகிறவர்கள் இவரிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. நஸ்ரின் வெளியே ஐஸ் பெட்டியோடு நின்று ஆட்டோ பேசி முடித்திருந்தாள். முகத்துவாரம் போய், காத்திருந்து, தேவிபட்டினத்தில் இறக்கிவிட 700 ரூபாய். எண்ணூறில் ஆரம்பித்தார்கள், விடாதீர்கள்.

ஆட்டோக்காரர் முனியசாமிக்குப் பெட்டியைப் பார்த்ததிலிருந்து சந்தேகம்.

“என்னக்கா, மீன் ஏவாரமா?”

“இல்லண்ணே, ஆத்துத் தண்ணி எடுத்து வடிகட்டப் போறோம்” என்றாள் நஸ்ரின்.

“தண்ணி எடுக்கவா இம்புட்டு தூரம்? எங்க தெருக் கொழாயில பதினஞ்சு நாளாத் தண்ணி வரல. அங்கன வந்து எடுத்தீகன்னா காத்து மட்டும்தான் வரும், அதையும் வடிகட்டிப் பாருங்களேன்!”

சிரித்தோம். எனக்கு அன்று அதுதான் கடைசிச் சிரிப்பு.

முகத்துவாரத்துக்குக் கடைசி ஒரு கிலோமீட்டர் நடைதான். கருவேலமுள் உண்டு, தடித்த செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஆறு அங்கே அகலமாகி, அசையாததுபோல் கிடந்தது. தண்ணீரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் குனிந்து தலையில் தெளித்துக்கொள்ளப் போனேன்.

“அத்தை! கை போடாதீங்க!” என்று நஸ்ரின் கத்தினாள். “நீங்க கை வச்சா நீங்களும் அதுல வந்துருவீங்க. எடுத்து முடிச்சதும் குளிக்கக்கூடச் செய்ங்க.”

கையுறை மாட்டி, நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நின்று ஒவ்வொரு பாட்டிலாக நிரப்பினாள். பெரிய ஊசிக்குழாயில் உறிஞ்சி, சிறு வடிதாள் வழியாக அழுத்தி அழுத்தித் தள்ளினாள். ஆறு இடத்தில் எடுத்து முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. வீட்டிலிருந்து கொண்டுவந்த சுத்தத் தண்ணீர் பாட்டில் ஒன்றையும் திறந்து, அதையும் அப்படியே வடிகட்டினாள். அது எதற்கு என்று கேட்டேன். அதில் ஒன்றுமே இருக்கக் கூடாதாம். ஏதாவது இருந்தால் நம் கையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும், அன்று எடுத்தது எதையும் நம்ப முடியாதாம்.

அவள் நிரப்பிய தாளில் முடிவை எழுத இரண்டு கட்டங்கள்தான் இருந்தன: கண்டது, காணவில்லை.

“இல்லைன்னு ஒரு கட்டம் கிடையாதா?” என்றேன்.

“கிடையாது அத்தை. தேடினோம், கிடைக்கலைன்னு மட்டும்தான் எழுதலாம். இல்லவே இல்லைன்னு சொல்ல நம்மளால முடியாது.”

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பையிலிருந்து செம்பை வெளியே எடுத்தேன். பாண்டி கதை அவளுக்குத் தெரியும். செம்பைப் பற்றித் தெரியாது. கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் சொல்லி முடிக்கும்வரை மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொய் சொல்ல மாட்டேன் அத்தை. நம்ம ஊரு வெயிலுக்கு ஆத்துத் தண்ணியில அந்தத் துகள் சில நாள்தான் தாங்கும். தண்ணியில இருக்குற கிருமியே தின்னுரும். அன்னைக்கே வடிகட்டி மருந்துல போட்டிருந்தா ஒருவேளை… இது ஆறு வருசம்.”

“மூணாம் நாளே எடுத்த தண்ணிம்மா. ஒரு சொட்டு வெளிய போகல.”

“அதுவுமில்லாம, கரையெல்லாம் மனுசங்கதானே அத்தை, எல்லாரோட துகளும் அதுல கலந்திருக்கும். செல்வியக்கா கையே அந்தத் தண்ணியில பட்டிருக்கும். அப்படியே பாண்டி மாமாவோடது கிடைச்சாலும், மாமா அந்தத் தண்ணியில இறங்கினாருன்னுதான் தெரியும். அது நமக்கே தெரியும்ல? ஏறினாரான்னு தண்ணி சொல்லாது.”

அவள் கண் நிறைந்திருந்தது. நான் செம்பை வாங்கிப் பையில் வைத்தேன். பையைக் கட்டிக்கொண்டே கேட்டேன்: “அப்ப எத்தனை தடவதான் தேடுவ?”

“மூணு பருவம். அதுக்குமேல தேடிக்கிட்டே இருந்தா வேற ஆத்தைப் பார்க்க முடியாது. எழுதி முடிச்சுரணும்.”

தேவிபட்டினம் வரும்போது மணி 11.20. நஸ்ரின் பெட்டியோடு ஊர் திரும்பினாள். கடலுக்குள் இருக்கும் நவக்கிரகங்களைச் சுற்றிவிட்டு, இராமநாதபுரம் வந்து மாறி, இராமேஸ்வரம் போய்ச் சேர 3.10 ஆனது. பாம்பன் பாலத்தில் எல்லோரும் ஜன்னல் பக்கம் எழுந்தார்கள். நான் செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கினி தீர்த்தக் கரையில் ஒரு புரோகிதர் செம்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

“யாருக்கும்மா? என்ன திதி?”

“திதி தெரியாது சாமி. ஆளே கிடைக்கல.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “திதி தெரியாதவங்களுக்கு அமாவாசை இருக்கு. செம்பைப் பிரிச்சுக் கடல்ல விடணுமா?”

ஈயத்தில் விரலை வைத்தேன். ஆறு வருடக் களிம்பும் குங்குமமும் விரலில் ஒட்டின. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செல்வி வைத்த குங்குமம் அது. அதைப் பிரிக்க நான் யார்?

“இது அவன் பொண்டாட்டி அடைச்சது சாமி” என்றேன்.

“அப்ப அவங்கதான் பிரிக்கணும்” என்று எழுந்து போனார். காசு கேட்கவில்லை. கடலில் முழுகி, இராமநாத சுவாமியை நின்று கும்பிட்டேன். என்ன கேட்பதென்று தெரியாமல் எதுவும் கேட்காமல் திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: உப்பூரை ஏழு மணிக்குள் முடியுங்கள். முகத்துவாரத்துக்குத் தனியாகப் போக வேண்டாம், சேறு இழுக்கும். குடிதண்ணீர் இரண்டு லிட்டராவது கையில் இருக்கட்டும். என் ஒருத்தி செலவு, ஆட்டோவில் பாதியும் சாப்பாடும் சேர்த்து, 690 ரூபாய். உங்கள் வீட்டிலும் கிடைக்காமல் போன ஒருவர் இருந்தால், நாள் தெரியாதே என்று கரையிலேயே நிற்காதீர்கள். அமாவாசை எல்லோருக்கும் பொது. ஆனால் வீட்டில் காத்திருப்பவரைக் கேட்காமல் எதையும் செய்துவிடாதீர்கள்.

செம்பைத் திருப்பிக் கொடுத்தபோது செல்வி முதலில் ஈயத்தைத்தான் தடவிப் பார்த்தாள். பிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நஸ்ரின் சொன்னதையும் புரோகிதர் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, அதே அலமாரியில் வைத்தாள்.

மார்கழிக் கடைசியில் ஆய்வு முடிவு வந்தது. சுத்தத் தண்ணீர் பாட்டிலில் ஒன்றுமில்லை. ஆகவே மற்றதெல்லாம் நம்பலாம். மடவை, கெளுத்தி, கொக்கு, எருமை, மனிதர் எல்லாம் இருந்தன. நீர்நாயை மட்டும் காணவில்லை. நஸ்ரின்தான் போனில் சொன்னாள். “காணவில்லைன்னு எழுதி முடிச்சுட்டேன் அத்தை.”

அன்று செல்வி என் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முறத்தை நிறுத்தினாள்.

“அந்தப் புள்ள எத்தனை தடவ பாத்துச்சு?”

“மூணு.”

 முறத்திலிருந்த கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டபடி சொன்னாள்:

“நான் ஆறு வருசம் பாத்துட்டேன் மதினி. தை அமாவாசைக்குச் செம்பை நானே கொண்டு வாரேன். நீங்க கூட வாங்க.”