மாமா துடைத்த சிட்டு

என் மாமனார் நாற்பது வருடம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். வாய்விட்டு யாரையும் பாராட்டமாட்டார். யார் செய்த வேலையானாலும், முடிந்ததும் மெத்தென்ற துணியால் தானும் ஒரு துடை துடைத்துத்தான் பொருளைக் கையில் கொடுப்பார். போன வருடம் கைநடுக்கம் வந்து கடையை மூடினார். அதற்குச் சற்று முன் களிமண்ணில் ஒரு சிட்டுக்குருவி செய்திருந்தார். சுடாத மண், இறக்கையில் விரிசல் விழுந்துவிட்டது. இன்னொன்று செய்ய இனி அவரால் முடியாது.

"செம்பு முலாம் பூசிடலாம் மாமா" என்றேன். அதுவரை நான் முலாம் பூசியது ஒரே ஒரு இலைக்குத்தான்.

"தண்ணியில முக்கினா மண்ணு கரைஞ்சு போச்சுன்னா?"

"அதெல்லாம் போகாது."

தண்ணீர் புகாதபடி குருவிக்கு வார்னிஷ் அடித்து, மேலே பென்சில் கரித்தூளைத் தடவினேன். கரி இருக்கும் இடத்தில்தான் செம்பு பிடிக்கும். குருவியை மாமா முன்னால் வைத்துவிட்டு, உள்ளே போய் மயில்துத்தம் என்கிற செம்பு உப்பின் கரைசலைக் கொண்டுவந்தேன். பேட்டரியின் ஒரு முனையில் செம்புத் தகடு, மறுமுனையில் குருவி. மெல்ல இறக்கினேன்.

வாலில் கட்டிய கம்பியிலிருந்து சிவப்பு படர்ந்தது. முதுகு, தலை, அலகு. இடது இறக்கையருகே வந்து நின்றுவிட்டது. இருபது நிமிடம் ஆகியும் நகரவில்லை. விரிசலிலிருந்து ஒரு குமிழி கிளம்பியது. ஐயோ, தண்ணீர் உள்ளே போகிறது! வெடுக்கென்று வெளியே எடுத்தேன்.

"இங்க தடவின கரி எங்க போச்சு?"

மாமா மடியைப் பார்த்தார். மடியில் அந்தத் துணி, கறுத்துப்போய்.

"அழுக்கா இருந்துச்சும்மா. தொடச்சிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! "உங்க கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காதா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நடுங்கும் கைகளை அவர் துணிக்கடியில் ஒளித்துக்கொண்டார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

காயவைத்து, விரிசலை வார்னிஷால் அடைத்தேன். ஆனால் அந்த மெல்லிய இறகுக் கீற்றுகளுக்குள் கரி தடவ என் தடித்த விரலுக்கு வரவில்லை. தூரிகையை அவரிடம் நீட்டினேன்.

"வேண்டாம்மா, பாழாக்கிடுவேன்."

"பாழானா ரெண்டு பேரும் சேர்ந்தே பாழாக்கினதா இருக்கட்டும்."

அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் மேசையோடு அழுத்திப் பிடித்தேன். ஒவ்வொரு இறகாகத் தடவினார். மறுபடி கரைசலில் இறக்கினோம். சிவப்பு இறக்கைவரை வந்தது, தயங்கியது, ஏறிவிட்டது.

அலசி எடுத்து அவரிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது இறகெல்லாம் கொஞ்சம் கோணல்மாணல். அவர் கை மடியிலிருந்த துணிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"இந்தாம்மா" என்று சொட்டச்சொட்ட அப்படியே நீட்டினார். மாமா துடைக்காமல் ஒருவர் கையில் ஒரு பொருளைக் கொடுத்தது அதுதான் முதல்முறை.