பெட்டிக்குள் பெரியவர்

என் அக்கா புருஷன் பூட்டுக்காரர். தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி போடுவதும், கெட்ட பூட்டைப் பிரித்துச் சரிசெய்வதும் மாமாவின் தொழில். எந்தக் கஷ்டம் வந்தாலும் அவர் மூளை முதலில் ஓடுவது பூட்டிடம்தான். பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்படிக் கதவைப் பூட்டுகிற ஆசாமி.

கடைக்கு ஆள் வராத நேரங்களில் அவரே பின்னல் ஊசியைப் பிடித்து, அக்காவுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர் பின்னினார். கருநீலம், மார்பில் வெள்ளை நூலில் ஒரு சாவி. உண்மையைச் சொன்னால், அழகாகவே இருந்தது. பெருமை தாங்காமல் சில நாள் கடை வாசலில் மாட்டிவைத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்கா ஆசையாகத் தலையை நுழைக்கப் போன நேரம் பார்த்து, வீடு தேடிச் சாவி வாங்க வந்த ஒருவர், "கம்பளின்னா அந்துப்பூச்சி வந்து அரிச்சுடுமே" என்று கொளுத்திப்போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். துவைக்கவில்லை, உதறவில்லை, ஸ்வெட்டர் நேராகத் தகரப் பெட்டிக்குள் போனது. பெட்டிக்கு ஏழு பூட்டு.

அதோடு விட்டாரா? பூச்சிக்குக் காது கேட்கும் என்று அவராகவே முடிவுகட்டி, வீட்டில் யாரும் 'கம்பளி' என்று வாய் திறக்கக் கூடாது என்றார். ஸ்வெட்டருக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தார். நானும் அந்த வீட்டில் சோறு தின்கிறவன், வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று குளிர்காலம் போனது. அக்கா பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்குவாள். "ஒரே ஒரு தடவை பெரியவரை வெளிய எடுங்களேன்" என்பாள். "வெளிக்காத்து பட்டா பெரியவர் போயிடுவார்டி" என்பார் மாமா. அக்கா முகம் சுருங்கிப்போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டு டீச்சர் காதில் இதெல்லாம் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒருநாள் காலை அக்கா அழுதேவிட்டாள். "பெரியவர் பெட்டியிலயே கிடக்கட்டும்! ஏழு பூட்டு சும்மாவா போட்டிருக்கேன்?" என்று மாமா கத்தினார். கொஞ்ச நேரத்தில் டீச்சர் ஒரு போலீஸ்காரரோடு வந்து நின்றார்.

"பெட்டியைத் தொறய்யா. பெரியவர் எப்படி இருக்கார்?"

"நேத்துகூட சாவி ஓட்டை வழியா மோந்து பாத்தேன் சார். நல்லாத்தான் இருக்கார்."

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

பதற்றத்தில் கடைசிப் பூட்டுக்குள் சாவி முறிந்தது. பூட்டுக்காரரே சுத்தியலால் பூட்டை உடைத்தார். மூடி திறந்ததும் பொன்னிறப் பூச்சி ஒன்று நிதானமாகப் பறந்து வந்து போலீஸ்காரர் தொப்பியில் உட்கார்ந்தது. உள்ளே ஸ்வெட்டர், மார்பில் சாவி இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. திருடனை உள்ளே வைத்தே பூட்டியிருக்கிறார் மனுஷன்.

"இதுவா பெரியவர்?" என்றார் போலீஸ்காரர்.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஸ்வெட்டரை ஜன்னலுக்கு வெளியே நன்றாக உதறிப் போட்டுக்கொண்டாள். அளவு கச்சிதம். அவள் சிரித்தாள்.

மாமா ஊசியும் நூலுமாக எழுந்து வந்தார். "கழட்டிக் குடு, தைச்சுத் தரேன்."

"இப்படியே தைங்க."

"உடம்புல குத்திடும்டி."

"குத்தட்டும். கழட்டினா பூட்டிடுவீங்க."