சவரிமுத்து வாத்தியாரின் முகம்

சின்னமனூரில் மகள் வீட்டில், பேரனைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் ராயப்பன்பட்டியிலிருந்து நெல் ஏற்றி வந்த வண்டிக்காரர் மாட்டைக்கூட அவிழ்க்காமல் சொன்னார்: "நம்ம சவரிமுத்து வாத்தியாரு நேத்துப் போயிட்டாக. காய்ச்சலு. அன்னைக்கே அடக்கமும் முடிஞ்சிருச்சு."

வாத்தியார் படுத்திருக்கிறார், உங்களைக் கேட்டார் என்று முந்திய வாரம் வந்து சொன்னவரும் இதே வண்டிக்காரர்தான். பேரனுக்கு ஞானஸ்நானம் முடியட்டும், போகலாம் என்று தள்ளிப்போட்டேன். மகளோ மருமகனோ போகவேண்டாம் என்று சொல்லவில்லை. நானாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் அவருக்குத் தமிழ், எனக்குக் கணக்கு. இருவருக்கும் உட்கார ஒரே பலகை. காலமெல்லாம் தோளோடு தோள் உட்கார்ந்து எதிரே இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வயதாகி வேலையை விட்டபோது, பலகையில் பாதி இடம் சும்மா கிடப்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

மலைமேல் அணை கட்டும் வேலைக்கு நம் பிள்ளைகள் கூடலூர் வழியாக ஏறிப் போனதும், காட்டுக் காய்ச்சலில் பலர் அங்கேயே புதைக்கப்பட்டதும் நீங்கள் அறிந்தவை. கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அந்தப் பிள்ளைகளின் தாய்மார் மட்டும் எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் மதிலோரம் நின்றார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த வாத்தியாருக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு அடுப்புக்கரியும் தாளும் எடுத்துக்கொண்டு, அந்தத் தாய்மாரில் ஒருத்தியான சூசையம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் சொல்லச் சொல்ல அவளுடைய மகனைப் படமாக எழுதினார். அப்படியே வீடு வீடாகப் போய் மற்றப் பிள்ளைகளையும் எழுதினார். மறுவருஷம் கல்லறைப் பெரிய சிலுவையின் அடியில் வரிசையாகப் படங்கள் சாய்ந்து நின்றன. அவற்றின் முன்னே தாய்மார் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

மூக்கு எப்படி, கண் எப்படி என்று அவர் கேட்டதே இல்லை. "அதெல்லாம் ஆத்தா முகத்துலயே இருக்கு. பொய் சொன்னா எங்கன பாப்பான், சிரிச்சா எந்தப் பக்கம் வாய் கோணும், அதச் சொல்லச் சொன்னாப் போதும்" என்பார். தாய்க்கு எதிரே தரையில் உட்கார்ந்தால் உச்சியிலிருந்த வெயில் சாயும்வரை எழுந்திருக்கமாட்டார். நான் சும்மா இருப்பேனா? "உமக்குக் கணக்கு வராது, அதனால்தான் கரியைப் பிடித்துக்கொண்டீர்" என்று கேலி செய்வேன். "வராதுதான்" என்று ஒப்புக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் அவரே பேச்செடுத்தார்.

"நான் போனா என்னைய யாரு எழுதுவா?"

"உமக்கென்ன, கல்லறை இங்கனயே இருக்கும். படம் எதுக்கு?"

"இருந்தாலும் ஒரு ஆசைதான். நீரு முகத்தச் சொல்லும். சப்பரத்துக்குச் சாயம் பூசுற கருப்பையா எழுதிருவான்."

"சொன்னாப் போச்சு. உம்ம மூக்கும் முழியும் எனக்கு மறந்தா போகும்?" என்றேன்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக உத்தமபாளையத்திலிருந்து கருப்பையாவை வரவழைத்தேன். சாகும்போது பக்கத்தில் இல்லாத குறையை இதிலாவது தீர்த்துவிடலாம் என்ற நப்பாசை. கருப்பையா தாளை விரித்து, வாத்தியார் கேட்பது போலவே கேட்டார்.

"சிரிச்சா வாய் எந்தப் பக்கம் கோணும்?"

எனக்குத் தெரியவில்லை.

"யோசிக்கும்போது கண்ணு எங்கன போகும்?"

அதுவும் தெரியவில்லை. கடைசியில், மீசை உண்டு என்று சொல்லி வைத்தேன்.

கூட நின்ற சூசையம்மாள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "மீசைய எடுத்து எம்புட்டு வருசமாச்சு. நீங்க பாக்கலையாக்கும்?"

பிறகு அவளே கருப்பையாவின் எதிரில் உட்கார்ந்தாள். "வலப்பக்கம்தான் கோணும். யோசிக்கையில கண்ணு மேல போகாது, கீழதான் போகும். இடப் புருவத்துல ஒரு தழும்பு உண்டு. எம்மகன எழுதுனப்ப அதத்தான் தடவிக்கிட்டே இருந்தாக." மற்றத் தாய்மாரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள், ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுக்கவில்லை. அவர் அவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதிய நேரமெல்லாம் அவர்களும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் பக்கத்திலேயே இருந்தும் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

படம் முடிந்ததும் எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. அச்சு அசல் வாத்தியார் என்றார்கள். எனக்கு அது யாரோ ஒருவருடைய முகமாக இருந்தது. ஆமாம் என்று நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

"கூடவே இருந்தவுக நீங்கதான். நீங்களே வச்சுக்கங்க" என்று சூசையம்மாள் படத்தை என் கையில் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதைகூட எனக்கு இல்லை. வாங்கிக்கொண்டேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தப் படம் ஒன்றுதான். பள்ளியில் எங்கள் பலகைக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறேன். தினமும் பார்க்கிறேன், மெல்ல மெல்லப் பழகுகிறது. அந்தப் புருவத் தழும்பு அவருக்கு எப்படி வந்தது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள். நான் அவரிடம் கேட்டதில்லை.