அக்காவுக்கு வைத்த களி

எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பெண்கள் ஷிப்ட் முடிந்து வந்து துணி காயப்போடும்போது, கொடிக்கயிற்றில் தும்பிகள் வந்து உட்காரும். தும்பியைப் பார்த்தால் எனக்கு அக்கா நினைவுதான்.

இறக்கை முளைப்பதற்கு முன் தும்பி தண்ணீருக்குள் கிடக்கும், மண் நிறத்தில், ஆறு காலோடு. சின்ன வயதில் அப்படி இரண்டு பூச்சிகளை ஏரியிலிருந்து பிடித்து வந்து, அக்காவும் நானும் ஆளுக்கொரு சட்டியில் விட்டோம். அக்காவின் சட்டி வெயிலில் இருந்தது. தினமும் தலைப்பிரட்டை பிடித்துப் போட்டாள். என்னுடையது கிணற்றடி நிழலில். தீனி போட பாதி நாள் மறந்துவிடுவேன். அவளுடையது சீக்கிரமே குச்சியில் ஏறி, முதுகு வெடித்து, தும்பியாகிப் பறந்துவிட்டது. என்னுடையது அப்படியே தண்ணீரில் கிடந்தது. சூடும் சாப்பாடும் இருந்தால் எதுவும் சீக்கிரம் வளர்ந்து போய்விடும் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

பிறகு அக்கா பெரியவளானாள். தோட்டத்தில் ஓலை மறைப்பு கட்டி உட்காரவைத்தார்கள். அத்தை வந்து நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டினாள். வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள்.

"நல்லா துன்னுடி. உடம்பு தேறினாதான் தை மாசம் கல்யாணம் கட்டி மாமன் வூட்டுக்கு அனுப்ப முடியும்."

களியும் வெந்நீரும் எதற்கென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அத்தை அந்தப் பக்கம் போனதும் அக்காவின் தட்டை நான் காலி செய்தேன். வெந்நீர் அண்டாவில் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரைக் கலந்தேன். குளிக்கும்போது அக்காவுக்குப் பல் கடகடவென்று அடித்துக்கொண்டது, ஆனாலும் அத்தையைக் கூப்பிடாமல் குளித்து முடித்தாள். மறுநாள் தட்டையும் அவளே என் பக்கம் நகர்த்தினாள்.

"மெதுவா துன்னு. அத்த பாத்துடப் போவுது."

அத்தைக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. "பெரியவளுக்கு ஆக்கிப் போட்டா சின்னவ ஊதிக்கினு வரா. இன்னாடி மாயம் இது?"

தை பிறந்தது. அக்கா தேறவில்லை. கல்யாணமும் நிற்கவில்லை. "போற எடத்துல தேறிடுவா" என்று சொல்லி அத்தை அவளை வண்டியில் ஏற்றினாள். வழிக்கென்று தூக்குச்சட்டியில் கொடுத்த களியை அக்கா குனிந்து என் கையில் வைத்தாள்.

"இதையும் நீயே துன்னுடி."

வண்டி தெருமுனையில் திரும்புவதற்குள் தின்று முடித்துவிட்டால் அவள் இறங்கிவிடுவாள் என்று வாய் நிறைய அடைத்துக்கொண்டேன். அவளுக்கும் போக மனமில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் ஒருத்திதான் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.